நஜ்லா போட்ட ரொட்டி

என் தங்கை நஜ்லா தன் கணவனின் அண்ணன் மணிக்கட்டை உடைத்தவள். எங்கள் ஸல்த் நகரத்தில் இதைத் தாழ்ந்த குரலில்தான் பேசுவார்கள். நான் உரக்கவே சொல்வேன். அன்று நான் பக்கத்தில் இருந்தேன்.

துருக்கியர் ஆட்சிக் காலம் அது. எங்கள் கடைக்கு நெய் கொண்டுவரும் பாலைவனத்துக்காரன் தெய்யாப்பை அவள் விரும்பினாள்; கட்டிக்கொடுத்தோம். கல் வீட்டில் வளர்ந்தவளுக்குக் கூடார வாழ்க்கை எளிதாக வரவில்லை. ஒருமுறை, வந்த விருந்தாளியிடம், "நீங்க யாரு, பேரென்ன?" என்று கேட்டுவிட்டாள். அங்கே மூன்று நாள் முடியும்வரை விருந்தாளியின் பெயரைக் கேட்பது அவமதிப்பு.

தெய்யாப்பின் அண்ணன் ஜத்ஆன் எல்லோர் முன்னும் சிரித்தான். "டவுன்காரிய பாரு, வரி வசூலுக்கு வந்த துருக்கிக்காரனாட்டம் விசாரிக்கிறா!"

தெய்யாப் அவளை ஒட்டகங்களுக்குப் பின்னால் அழைத்துப்போய், "எங்கிட்ட ஆயிரம் கேளு. வர்றவன்கிட்ட மட்டும் கேக்காத" என்றானாம். இதைச் சொல்லும்போது அவள் முகம் சிவக்கும்.

அந்த ஆண்டு மழைக்கு முன், கிணற்றடிச் சண்டையில் தெய்யாப் சகோதரர்களின் சித்தப்பா மகன் வயிற்றில் கத்திக்குத்து வாங்கிச் செத்தான். ஆண்கள் கொலைகாரனைத் தேடிப் போனார்கள். மறுநாள் நண்பகலில் நான் கோவேறு கழுதையில் துணிகளோடு போய்ச் சேர்ந்தேன். சரக்கை இறக்கும்போது, தோளில் குண்டடிபட்ட ஒருவன் ஓடிவந்து நஜ்லாவின் கூடாரக் கயிற்றைப் பிடித்தபடி விழுந்தான்.

அவள் அவனை உள்ளே இழுத்துக் காயத்தில் சாம்பலை அழுத்திக் கட்டினாள். ரொட்டியும் உப்பும் கொடுத்தாள்.

"யாருன்னு கேளும்மா" என்றேன்.

"கேக்கக் கூடாதுண்ணே. இது நம்ம ஊரில்ல."

அவன் ரொட்டியை விழுங்கி முடிப்பதற்குள் குதிரைகள் வந்துவிட்டன. ஜத்ஆன் உள்ளே எட்டிப் பார்த்தான். தேடிய ஆள் தம்பியின் கூடாரத்திலேயே உட்கார்ந்திருந்தான்!

"வெளிய தள்ளுங்கடா அவன!"

"நம்ம ரொட்டிய தின்னுட்டான்ண்ணே. தொட முடியாது" என்று தெய்யாப் குறுக்கே நின்றான்.

"போட்டவ யாரு? வெளியூர்க்காரி. இப்பவே தலாக் சொல்லி அவளக் கழுதைல ஏத்து. அவ ரொட்டி அவளோட போகட்டும். அப்புறம் இவன் வெறும் ஆளு."

"அவ போட்டா நான் போட்டது."

ஜத்ஆன் வாளை உருவினான். தடுக்கப் போன என்னை இருவர் கீழே தள்ளி மிதித்தார்கள். முன்பல் ஒன்று தெறித்தது. வாள் இறங்கியது. தெய்யாப் இடது கையால் தடுத்தான். இரண்டு விரல்கள் மணலில் விழுந்தன. அவன் நகரவில்லை. ஜத்ஆன் அவனை உதைத்துச் சாய்த்துவிட்டு, அடைக்கலம் வந்தவனின் கழுத்துக்கு மறுபடி ஓங்கினான். அப்போதுதான் நஜ்லா, கூடார முளை அடிக்கும் மரச் சுத்தியலை இரண்டு கையாலும் தூக்கி அவன் மணிக்கட்டில் இறக்கினாள். எலும்பு முறிந்த சத்தம் கீழே கிடந்த எனக்குக் கேட்டது. அவன் அலறிக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். மற்றவர்கள் பின்வாங்கினார்கள்.

தெய்யாப்பின் கையைத் தைத்துக்கொண்டிருந்த நஜ்லாவிடம், "கிளம்பும்மா, வீட்டுக்குப் போயிடலாம்" என்றேன், வாயில் ரத்தத்தோடு.

"முதல்ல இவர் கைய இறுக்கிப் பிடிண்ணே. தையல் பாதில நிக்குது."

தெய்யாப் வலியிலும் இளித்தான். "ரெண்டுதான போச்சு மச்சான். இவளப் பிடிச்சுக்க மூணு விரல் போதும்."

வழக்கைக் கேட்கக் குலத்தின் நீதிபதி வந்தார். நஜ்லா அந்த வீட்டாள் அல்ல என்று ஜத்ஆன் நிரூபித்தால், ரொட்டி செல்லாது. அவளும் என்னோடு திரும்ப வேண்டியதுதான்.

"உன் கைய உடைச்சது யாருப்பா?" என்று நீதிபதி கேட்டார்.

ஜத்ஆன் கட்டுப்போட்ட கையை அங்கிக்குள் இழுத்துக்கொண்டான். வெளியூர்க்காரி ஒருத்தி தன்னை அடித்து உட்காரவைத்தாள் என்று இத்தனை ஆண்கள் முன் எப்படிச் சொல்வான்?

"எங்க வீட்டுப் பொண்ணு" என்றான் கடைசியில்.

"அப்ப ரொட்டியும் உங்க வீட்டு ரொட்டிதான்" என்று நீதிபதி எழுந்துகொண்டார்.

அடைக்கலம் வந்தவனை எல்லைவரை பத்திரமாகக் கொண்டுபோய் விட்டார்கள். ரொட்டியின் காவல் அதோடு முடிந்தது. எட்டு மாதம் கழித்து வேறொரு கிணற்றருகே பிடித்துக் கொன்றார்கள். நஜ்லா அன்று முழுவதும் சாப்பிடவில்லையாம். நானோ, வழக்கு முடிந்ததுமே கழுதையோடு தனியாகத்தான் ஊர் திரும்பியிருந்தேன்.