சித்தியின் தட்டணுக்கள்

டெங்குக் காய்ச்சல் பரவிய பிறகு எங்கள் பக்கத்தில் பிளேட்லெட், அதாவது ரத்தத்தில் இருக்கும் தட்டணு, என்ற சொல்லைக் கேள்விப்படாதவர்கள் இல்லை. எத்தனை ஆயிரம் இருக்கிறது என்று டீக்கடையிலேயே விசாரிப்பார்கள். அந்தத் தட்டணுக்கள் ஒழுங்காக வேலை செய்கின்றனவா என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. அதைக் கேட்பதுதான் என் ஆராய்ச்சி.

அப்போது நான் சேலத்தில் ஓர் ஆய்வகத்தில் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்து இரண்டாவது வருடம். உடம்பில் காயம் பட்டால் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ரத்தத்தை நிறுத்தும். அப்போது தங்களுக்குள் இருக்கும் மிகச் சிறிய ஆர்.என்.ஏ. துண்டுகளை ரத்தத்தின் நீரில் உதிர்த்துவிடும். புரதம் செய்வதற்கான குறிப்பு எதுவும் இல்லாத துண்டுகள் அவை. அவற்றை அளந்தே தட்டணுக்களின் சுறுசுறுப்பைச் சொல்லிவிட முடியுமா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்கு முதலில், இரண்டு வாரமாக எந்த மாத்திரையும் சாப்பிடாத ஆரோக்கியமானவர்களின் ரத்தம் வேண்டும்.

நாமகிரிப்பேட்டையில் இருக்கும் என் சித்தியிடம் கேட்டேன். அம்மாவின் தங்கை, கணக்கு டீச்சர். விடை சரியாக இருந்தாலும் வழிமுறை இல்லையென்றால் மதிப்பெண் போடமாட்டார்.

"ரத்தந்தானே சாமி, எடுத்துக்கோ. சனிக்கெழம காத்தால வாரேன்" என்றார்.

சொன்னபடியே முதல் பஸ்ஸில், வெறும் வயிற்றோடு வந்து இறங்கினார். படிவத்தை எடுத்துவைத்துக்கொண்டு கேட்டேன்.

"ரெண்டு வாரத்துல ஏதாச்சும் மாத்திரை சாப்பிட்டீங்களா சித்தி?"

"மாத்திரையா? எங்கூட்ல மாத்திரை டப்பாவே கெடையாது."

'இல்லை' என்று எழுதிக் கையெழுத்து வாங்கினேன். ஊசி ஏறும்போது சித்தி முகம் சுளிக்கவே இல்லை. ரத்தத்தைச் சுழற்றி, தட்டணுக்கள் நிறைந்த நீரைப் பிரித்தெடுத்தேன். அரிசி கழுவிய தண்ணீர் போலக் கலங்கலாக இருக்கும் அது. அதில் தட்டணுக்களைத் தூண்டும் மருந்தைச் சொட்டுவிட்டால் அவை திரண்டுகொள்ளும். நீர் தெளிந்து வெளிச்சம் உள்ளே புகும், கருவியின் திரையில் கோடு மேலே ஏறும்.

சித்தியின் கோடு ஏறவில்லை. படுத்தே கிடந்தது.

மருந்து கெட்டுப்போயிருக்கும் என்று நினைத்து என் ரத்தத்தையே எடுக்கச் சொல்லிப் பார்த்தேன். என் கோடு சரசரவென்று ஏறியது. சித்திக்கு உள்ளுக்குள் ஏதாவது நோய் இருக்குமோ? எனக்கு வழிகாட்டியான மேடத்திடம் ஓடினேன். அவர் திரையைப் பார்த்துவிட்டு, "அவங்களப் பயமுறுத்தாத. மருந்து பத்தி இன்னொரு தடவ கேளு" என்றார்.

மேடமும் என்னோடு வெளியே வந்தார். சித்தி பெஞ்சில் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க சித்தி. இந்த வாரம் தலைவலி கிலைவலி வந்துச்சுங்களா?"

"வியாழக்கெழம வந்துச்சு. பரிச்சைப் பேப்பர் திருத்துனா வராம இருக்குமா?"

"அதுக்கு என்ன பண்ணுனீங்க?"

"ஒண்ணும் பண்ணல. தண்ணியில போட்டாக் கரைஞ்சு வெள்ளையா ஆயிருமே, அதக் குடிச்சுட்டுப் படுத்தேன்."

"அது மாத்திரைதானுங்களே சித்தி!"

"மாத்திரைன்னா முழுங்கோணும். இது மோராட்டக் குடிக்கறது."

மேடம் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிக்கொண்டார். அது ஆஸ்பிரின். தட்டணுவுக்கு உட்கரு கிடையாது. ஆஸ்பிரின் ஒருமுறை முடக்கிப் போட்டால் அதைச் சரிசெய்துகொள்ள வழியில்லை. புதிய தட்டணுக்கள் பிறந்து வந்து இடத்தை நிரப்பப் பத்து நாளாவது ஆகும். இதை நான் சொல்லச் சொல்ல, சித்தியின் முகம் முதலில் சிறுத்தது. பிறகு சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"கேள்விய ஒழுங்காப் படிங்கடான்னு தெனமும் தொண்டத்தண்ணி வத்தக் கத்தறேன். நானே படிக்கலையே கண்ணு!"

ஆரோக்கியமானவர்கள் பட்டியலில் அந்த ரத்தத்தைச் சேர்க்க முடியாது. ஆனால் சித்தியின் சம்மதத்தோடு அதை உறையவைத்தோம். இரண்டு வாரம் கழித்து இன்னொரு முறை எடுத்து, இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்றார் மேடம். நான் படிவத்தில் 'தண்ணீரில் கரைத்துக் குடிப்பது உட்பட' என்று ஒரு வரி சேர்த்தேன்.

அடுத்த முறை சித்தி கருவியின் பக்கத்திலேயே நின்றுகொண்டார். மருந்தைச் சொட்டியதும் கோடு கிளம்பியது. "ஏறுது, ஏறுது!" என்று என் தோளைப் பிடித்து உலுக்கினார்.

ஆர்.என்.ஏ. அளவு தெரிய மேலும் மூன்று நாள் ஆனது. ஆஸ்பிரின் குடித்திருந்தபோது எடுத்த ரத்தத்தில் நாங்கள் தேடிய துண்டுகள் குறைவாக இருந்தன. இரண்டாவதில் நன்றாகக் கூடியிருந்தன. நம்பாமல் திரும்பவும் செய்தேன். அதே முடிவு. "ஒரு ஆள வெச்சு எதையும் சொல்லிட முடியாது. ஆனா நல்ல ஆரம்பம்" என்றார் மேடம். அன்று மத்தியானம் எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

சித்தியைக் கூப்பிட்டுச் சொன்னேன். "அப்ப நானு பாஸா?" என்றார்.

"பாஸுங்க. ஆனா இன்னும் நெறையப் பேரு வேணுங்க."

அடுத்த சனிக்கிழமைக்கு அடுத்த சனிக்கிழமை நாலு டீச்சர்களோடு வந்து நின்றார். நாலு பேரும் ரத்தம் கொடுத்துவிட்டு, பஞ்சை அழுத்தி முழங்கையை மடக்கியபடியே எதிரே, இரண்டு தட்டுவடைக்கு நடுவே சட்னியும் காய்த்துருவலும் வைத்துத் தரும் தட்டுவடை செட் வண்டிக்குப் போனார்கள். நான் கருவியை விட்டு நகர முடியாமல் மாடி ஜன்னலிலிருந்து பார்த்தேன். ஒற்றைக் கையால் எப்படிச் சாப்பிடுவது என்று அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். வண்டிக்காரம்மா ஒருவர் மாற்றி ஒருவராக, அவர்கள் சாப்பிடும்வரை தட்டைத் தானே பிடித்துக்கொண்டார்.