மூக்கைப் பிடித்தால் மான் வரும்

வேட்டைச் சாமான் விற்கிற கடையில் வேலை செய்கிறவனுக்குச் சுடத் தெரியவேண்டியதில்லை, மற்றவன் சுட்ட கதைக்குத் தலையாட்டத் தெரிந்தால் போதும். தொண்ணூறுகளின் நடுவில் நான் இத்தாலியில், பலெர்மோ நகரத்தில், பொலிதேயாமா அரங்குக்குப் பின்னால் இருந்த ஒரு சின்னத் தெருவில் அப்படித் தலையாட்டிக்கொண்டு நின்றேன். சப்பாத்து, தொப்பி, மழைச்சட்டை, தோட்டா போடுகிற இடுப்புப் பட்டி எல்லாம் விற்போம். முதலாளி சின்யோர் சல்வோ ஒவ்வொரு குளிர்காலமும் தன்னுடைய வாடிக்கையாளர்கள் இரண்டு மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு கமரூன் காட்டுக்கு வேட்டைக்குப் போவார். அங்கே ஒரு குட்டி மான் இருக்கிறது. எங்கள் வன்னிக் காட்டுச் சருகுமானைவிடக் கொஞ்சம் பெரிது, சாம்பல் நிறம், சுண்டுவிரல் நீளத்தில் கொம்பு. அடர்ந்த காட்டுக்குள் அதைத் தேடிப் போய்ச் சுட முடியாது. இருந்த இடத்தில் இருந்துகொண்டு அதன் குட்டி ஆபத்தில் மாட்டி அந்தரப்பட்டுக் கத்துகிற மாதிரிக் கத்தவேண்டும். பெரிய மான் என்னவோ ஏதோவென்று ஓடிவரும்.

அந்தக் கத்தல்தான் என் வயிற்றெரிச்சலின் கதை. நீங்களும் உங்கள் வாழ்க்கையில் எங்கேயாவது, உங்களுக்குப் பின்னால் வேலைக்கு வந்தவனை ஒரு மூலையில் நின்று பார்த்திருப்பீர்கள். உங்களுக்கு நான் அதிகம் விளக்கத் தேவையில்லை.

அட்வகாத்துவின் நாய்

மானைக் கூப்பிட எங்கள் கடையில் ஒரு ஊதுகுழல் விற்றோம். மரத்தால் செய்தது, பெருவிரல் அளவு, உள்ளே ஒரு மெல்லிய நாக்கு. அதை ஊதிக் காட்டுகிற வேலை என்னுடையது. ஆட்கள் வந்ததும் சின்யோர் சல்வோ “சிவா, ஊது” என்பார். நான் கையைத் துடைத்துவிட்டு வந்து ஊதுவேன். பெட்டி தூக்குகிறவனுக்கு அது ஒரு மரியாதை. இந்தக் காலத்தில்தான் போர்கோ வெக்கியோச் சந்தையில் கிறிஸ்தியைக் கண்டேன். மன்னார்ப் பெடியன், கோயில் பாட்டுக்குழுவில் பாடுகிறவன், வேலையில்லாமல் நின்றான். நானே முதலாளியிடம் கதைத்து, நானே கூட்டிக்கொண்டு வந்து சேர்த்துவிட்டேன். இதைத் தயவுசெய்து ஞாபகத்தில் வைத்திருங்கள். எனக்கு ஆக நோகிற இடம் இதுதான்.

ஒருநாள் ஒரு அட்வகாத்து, சட்டத்தரணி, தன் வேட்டை நாயோடு வந்தார். நான் ஊதினேன். நாய் ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மறுபடி மூடிக்கொண்டது. ஏணியில் நின்று சப்பாத்துப் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்த கிறிஸ்தி பகிடிக்குத் தன் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு சத்தம் போட்டான். நீண்டு, நடுங்கி, கடைசியில் உடைந்துபோகிற ஒரு சத்தம். நாய் துள்ளி எழும்பி ஏணிக்குக் கீழே ஓடிப்போய், மேலே பார்த்து முனகத் தொடங்கியது. சின்யோர் சல்வோ மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சொன்னார்: “சிவா, நீ ஏணியிலை ஏறு. அவன் இறங்கட்டும்.”

எங்கே படித்தான்

அன்று பின்னேரம் வீட்டுக்கு நடக்கும்போது நான் அவனிடம் நேரே கேட்டேன். பழக்கம் என்றால் நானும் பழகலாம், ஆரும் காட்டித் தந்தது என்றால் நானும் போய்க் கேட்கலாம் என்று எனக்குள் ஒரு கணக்கு. அவன் கூச்சத்தோடு சிரித்தான். வேர்வை சிந்தி வாங்கிய திறமையாக இருந்திருந்தால் நான் எப்படியாவது தாங்கியிருப்பேன். அவன் சொன்ன பதில் இதுதான்: “எனக்குச் சின்னனிலையிருந்தே மூக்கடைப்பு அண்ணை. பிடிச்சால் இப்பிடித்தான் வரும்.”

இரண்டு மாணவர்கள்

அதற்குப் பிறகு ஊதுகுழல் விலைப்படவில்லை. எல்லாருக்கும் கிறிஸ்தியின் முறைதான் வேண்டியிருந்தது. அட்வகாத்துவும் ஒரு பல்வைத்தியரும் அந்தக் குளிர்காலம் ஆபிரிக்கா போக இருந்தவர்கள். இருவரும் நல்ல கூட்டாளிகள், ஆனால் ஒருவர் முன்னால் மற்றவர் மூக்கைப் பிடிக்கமாட்டார். அதனால் பாடம் பின் அறையில், ஆளுக்கு ஒரு நாள். கதவுக்கு வெளியே காவல் நான். உள்ளே ஒரு பெரிய மனிதர் ஆட்டுக்குட்டி மாதிரிக் கத்திக்கொண்டிருக்க, வெளியே வந்து போகிறவர்களுக்கு நான் காலுறை விற்றேன்.

பல்வைத்தியர் போகும்போதெல்லாம் என்னை ஒதுக்குப்புறமாகக் கூப்பிட்டு, “அவருக்கும் இதையேதான் சொல்லிக் குடுக்கிறானோ?” என்று கேட்பார். அட்வகாத்துவும் அதையேதான் கேட்டார். அவர்கள் இரண்டு பேருடைய முகத்தையும் பார்க்க எனக்கு ஒரு ஆறுதல். என்னுடைய வருத்தம் படித்தவர்களுக்கும் வருகிறது என்று தெரிந்தது. ஒருநாள் பல்வைத்தியரின் மனைவி அவரைக் கூட்டிப்போக வந்தா. வரும்போது கிறிஸ்திக்கு மட்டும் ஒரு காப்பி வாங்கி வந்திருந்தா. கதவுக்கு உள்ளேயிருந்து கணவரின் சத்தம் வந்தது. கொஞ்ச நேரம் காது கொடுத்துக் கேட்டுவிட்டு என்னிடம் சொன்னா: “கலியாணம் கட்டின நாளிலையிருந்து என்னை ஒருக்காலும் இந்தக் குரலிலை கூப்பிடேல்லை.”

குளியலறைப் பயிற்சி

எனக்கு மூக்கடைப்பு இல்லாவிட்டாலும் மூக்கு இருந்தது. வீட்டில் குளியலறைக் கதவைப் பூட்டிக்கொண்டு பழகத் தொடங்கினேன். மூக்கைப் பிடித்தேன், தொண்டையை இறுக்கினேன், கண்ணிலிருந்து தண்ணீர் வரும்வரை கத்தினேன். என் மனைவி மலர் குசினியிலிருந்து, “அவன் கத்தினால் பாவமாயிருக்கும். நீங்கள் கத்தினால் பயமாயிருக்குதப்பா” என்றாள். அவளும் அவன் கத்தியதை எப்போதோ கேட்டிருக்கிறாள் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

மூன்றாம் மாடி சின்யோரா ரோசா ஒரு கோப்பையில் சீமைச் சாமந்திப்பூத் தேத்தண்ணீர் போட்டு எடுத்துக்கொண்டு வந்து கதவைத் தட்டினா. குழந்தை பிறந்ததை ஏன் தனக்குச் சொல்லவில்லை என்று கேட்டா, பிள்ளைக்கு வயிற்றுக்குத்து போல இருக்கிறது, இதைப் பருக்குங்கள் என்றா. மலருக்குப் பொய் வராது. குழந்தை இல்லை, என்ரை மனுசன், வேலையிலை ஒரு பெடியனைப் போல வரப் பாக்கிறார் என்று இருந்ததை இருந்தபடி சொல்லிவிட்டாள். நான் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தேன். சின்யோரா என்னை மேலும் கீழும் பார்த்தா. கோப்பையைத் திரும்ப வாங்கிக்கொண்டா. “குழந்தையெண்டால் வளர வளரச் சரியாப் போகும். இதுக்கு மருந்தில்லை.”

போனது யார்

அந்த முறை காட்டுக்கு ஒரு ஆளைக் கூட்டிக்கொண்டு போக சின்யோர் சல்வோ முடிவெடுத்தார். சமைக்கவும் வேண்டும், மானைக் கூப்பிடவும் வேண்டும். யாரை என்று கேட்கவே தேவையிருக்கவில்லை. கிறிஸ்தி வியா மக்வேதாக் கடைத்தெருவில் ஒரு பெரிய பை வாங்கி வந்து காட்டினான். நன்றாயிருக்கிறது என்று சொன்னேன். சொல்ல நான் எவ்வளவு பாடு பட்டிருப்பேன் என்று உங்களுக்கு விளங்கும். ஆனால் அவனுடைய பெர்மெஸ்ஸோ, இங்கே இருக்கிற அனுமதிப் பத்திரம், புதுப்பிக்கக் கொடுத்து இன்னும் கைக்கு வரவில்லை. அது இல்லாமல் வெளியே போனால் திரும்பி வர முடியாது. புறப்படுகிற வாரம் வரை பார்த்தார்கள், வரவில்லை. என்னுடையது சட்டைப்பையில் இருந்தது.

கிறிஸ்தி அந்தப் பையை என்னிடம் தந்தான். அவன் முகம் வாடியதைப் பார்த்து எனக்கு வந்தது சந்தோசமா வெட்கமா என்று இன்றைக்கும் பிரித்துச் சொல்லத் தெரியாது. சந்தோசமே என்று வைத்துக்கொண்டாலும் சின்யோர் சல்வோ அதை நீடிக்க விடவில்லை. விமானத்தில் ஏறி இருந்ததும் பக்கத்தில் இருந்தவரிடம் என்னைக் காட்டிச் சொன்னார்: “எனக்கு வேண்டியது மற்றவன்ரை மூக்கு. கிடைச்சது இவன்ரை பெர்மெஸ்ஸோ.”

எனக்கு வந்தது

கமரூன் காடு வெயில் விழாத காடு. வழியெல்லாம் செம்மண், உள்ளே போனால் ஒரே ஈரம், வேர்வையில் வந்து மொய்க்கிற சின்ன ஈக்கள். காலையில் நான் பாஸ்தா அவித்துக் கட்டிக் கொடுக்க, எல்லாரும் அதைச் சுமந்துகொண்டு நடப்போம். எங்கள் வழிகாட்டி ஒரு உள்ளூர்க்காரர். அவர் குந்தியிருந்து மூக்கைப் பிடித்துக் கூப்பிட்டார். இலைகளுக்கு நடுவில் ஒரு சாம்பல் நிழல் வந்து நின்றது, பல்வைத்தியர் சுட்டார், விழுந்தது. எவ்வளவு சின்னது என்று அப்போதுதான் கண்டேன். ஒரு கையால் தூக்கலாம்.

அடுத்த நாள் சின்யோர் சல்வோ என்னிடம் மானைக் கூப்பிடச் சொன்னார். ஒரு பெரிய மரத்தின் வேர்களுக்கு நடுவில் குந்தி மூக்கைப் பிடித்தேன். குளியலறையில் கத்தியதெல்லாம் வந்தது. ஒரு அசைவும் இல்லை. மறுபடியும் கத்தினேன், கிறிஸ்தி இப்போது கடையில் ஏதோ பெட்டி திறந்துகொண்டிருப்பான், நான் காட்டில் இருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டே கத்தினேன். காடு திடீரென்று அமைதியானது. குருவிச் சத்தம்கூட நின்றது. வழிகாட்டி என் தோளை அழுத்திப் பிடித்தார். எங்களுக்கு முன்னால் பன்னச் செடிகளுக்கு மேல் ஒரு தலை உயர்ந்தது. மஞ்சள், கரும்புள்ளி, என்னையே பார்த்த இரண்டு கண்கள். சிறுத்தை. அது இருந்து, யோசித்து, எங்களை எண்ணிப் பார்த்ததுபோல் பார்த்துவிட்டு, சத்தமில்லாமல் திரும்பிப் போனது. அதைச் சுட அனுமதியில்லை. இருந்திருந்தாலும் யாருடைய கையும் துவக்கைத் தூக்குகிற நிலையில் இல்லை.

மூச்சு வந்த பிறகு வழிகாட்டி பிரெஞ்சில் ஏதோ சொன்னார். மற்றவர்கள் சிரித்தார்கள். என்ன என்று கேட்டேன். பல்வைத்தியர் மொழிபெயர்த்தார்: “நல்லாக் கூப்பிட்டால் மான் வருமாம். உன்னைப்போலக் கூப்பிட்டால், ஏதோ சாகக் கிடக்குது, போய்த் தின்னுவம் எண்டு சிறுத்தை வருமாம்.”

சிறுத்தைக்குச் சொந்தக்காரர்

திரும்பி வந்தோம். கடைக்கு வருகிற எல்லாருக்கும் சின்யோர் சல்வோ சிறுத்தைக் கதை சொன்னார். முதல் வாரம் கூப்பிட்டது நான். பிறகு கூப்பிட்டது நாங்கள். மாத முடிவில் அவரே கூப்பிட்டு, அவருக்கே வந்தது. நான் தலையாட்டினேன், அதுதானே தொழில். கிறிஸ்தி மட்டும் தனியாக வந்து உண்மையைக் கேட்டான். சொன்னேன். கண்ணைப் பற்றிக் கேட்டான், வாலைக் கண்டேனா என்று கேட்டான், எவ்வளவு நேரம் நின்றது என்று கேட்டான். எனக்குப் பழக்கமான ஒரு சாயல் அவனுடைய முகத்தில் வருவதைப் பார்த்துக்கொண்டே நான் ஆறுதலாக, ஒன்றும் விடாமல் சொன்னேன். கேட்டு முடித்துவிட்டுச் சொன்னான்: “அது எனக்கு வந்திருக்கவேண்டியது, அண்ணை.”

அடுத்த குளிர்காலம்

அடுத்த முறை அவனுடைய பத்திரம் வந்துவிட்டது. அவனே போனான். அந்த நாட்களில் நான் வேலையில் ஒரு பிழையும் விடவில்லை, ஒருவரோடும் சிரித்துக் கதைக்கவும் இல்லை. அவனுக்கு மான் வரிசையில் வந்து நிற்கும் என்று எனக்குத் தெரியும். அப்படித்தான் முதல் நாள் வந்ததாம். ஆனால் அவன் திரும்பி வந்த பிறகு, ஆட்களுக்கு முன்னால் முதலாளி அந்தச் சத்தத்தைப் போட்டுக் காட்டச் சொன்னபோது, தொண்டை சரியில்லை என்றான். மறுநாளும் அதையே சொன்னான். கடைசியில் சின்யோர் சல்வோ பெருமூச்சு விட்டு என் பக்கம் திரும்பினார். ஊதுகுழல் மறுபடி என் கைக்கு வந்தது. நான் ஆசைப்பட்ட இடம் எனக்குக் கிடைத்துவிட்டது.

கிறிஸ்தி அங்கே நிற்கவில்லை. ஒரு வயதான மனுசனைப் பராமரிக்கிற வேலை எடுத்துக்கொண்டு போனான். போகிற அன்று பின் அறையில் வைத்துக் கேட்டேன், உண்மையிலேயே தொண்டை போய்விட்டதா என்று. இல்லை என்றான். தான் கூப்பிட்டதும் ஓடிவந்தது ஒரு பெட்டை மான், மடியில் பால் இறங்கியிருந்தது, துவக்குகளைப் பார்க்கவே இல்லை, குட்டியைத் தேடி அவனுடைய முகத்தைத்தான் பார்த்தது, அப்போது சுட்டார்கள். அன்றைக்கே முதலாளியிடம் தொண்டை போய்விட்டது என்று சொல்லிவிட்டானாம். எனக்குப் பெட்டை மானை நினைக்கத் துக்கமாயிருந்தது. அதற்குப் பக்கத்திலேயே, வேண்டாம் என்று தூக்கிப் போடவும் இவனிடம் ஒன்று இருந்ததே என்று வயிறும் எரிந்தது. அவன் மேற்சட்டையைப் போட்டுக்கொண்டு என் தோளைத் தட்டினான். “நான் விட்டிட்டன் அண்ணை. வேணுமெண்டால் நீங்கள் எடுங்கோ.”

எந்த மிருகத்தையும் கூப்பிட அதற்கென்று ஒரு சத்தம் வேண்டும், எரிச்சல் ஒன்றுதான் கூப்பிடாமலே வந்து, காலடியில் படுத்து, போ என்றாலும் போகாமல் கிடக்கும்.