கட்டைவிரல் குழி

எங்கள் ஊரான காஜா பெராங்கில் அந்த மாதம் எல்லாரும் சுதந்திரத்துக்கு நாள் எண்ணிக்கொண்டிருந்தார்கள். எனக்கோ என் வீட்டுக்காரரின் கால்களைத் தவிர வேறு நினைப்பில்லை. சிறுநீரகக் கோளாறு, கால் வீங்கிச் சப்பாத்து நுழையவில்லை. கொடியேற்றத்துக்குத் திடலுக்கு வாருங்கள் என்றால், "சுதந்திரத்த சிலிப்பர் போட்டா பாக்குறது?" என்று பிடிவாதம். காலையில் எழுந்ததும் அவர் கணுக்காலில் கட்டைவிரலை அழுத்துவேன். விழுந்த குழி மேலெழும்வரை எனக்கு மூச்சே வராது. அடுப்பைப் பற்றவைத்துவிட்டு வந்து மறுபடி அழுத்துவேன்.

"மாவா பிசையிற? விடு" என்பார்.

உப்பு ஆகாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். உப்பு ஜாடியையே பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டேன். ஆனாலும் வீக்கம் வடியவில்லை. காப்பிக்கடையில் திருட்டுத்தனமாகக் கருவாடு தின்கிறார் என்று நானே முடிவுகட்டி, வாய்க்கு வந்தபடி ஏசினேன். சட்டையை முகர்ந்துகூடப் பார்த்தேன்.

அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போனபோது, அங்கிருந்த தாதி, ஒரு தமிழ் மிஸி, என் சமையலைப் பற்றி ஒவ்வொன்றாக விசாரித்தாள்.

"உப்பே தொடுறதில்ல மிஸி. வாய்க்கு ருசியா இருக்கட்டும்னு சோயா கிச்சாப்பு மட்டும் ஊத்துவேன்."

"ஐயோ அக்கா, கிச்சாப்பு முழுக்க உப்புதானே!"

உடம்பு முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத உயிரணுக்களாம். அவற்றின் மெல்லிய சவ்வு வழியாகத் தண்ணீர் உள்ளே போகும், வெளியே வரும். உப்பு எந்தப் பக்கம் அதிகமோ அந்தப் பக்கம் சாயும். இவருடைய சிறுநீரகம் உப்பைச் சரியாக வெளியேற்றாததால் அது உயிரணுக்களுக்கு வெளியே தேங்கி, தண்ணீரையும் கூடவே நிறுத்திக்கொள்கிறதாம். எனக்கென்ன புதிதா? நறுக்கிய பாகற்காயில் உப்பைப் பிசறி, அது விட்ட தண்ணீரை எத்தனை நாள் பிழிந்து ஊற்றியிருக்கிறேன்! குப்பியில் கறுப்பாக இருந்ததைத்தான் உப்பென்று நினைக்கத் தோன்றவில்லை.

வெட்கம் பிடுங்கித் தின்றது. வெளியே வந்ததும் அவர் மேலேயே பாய்ந்தேன்.

"அது கரிக்குதுன்னு உங்க நாக்குக்குத் தெரியலயா?"

"தெரியும்."

"பின்ன ஏன் சொல்லல?"

"உப்பில்லாத சோத்த நான் பாதியில வச்சப்பல்லாம் நீ அழுத. கிச்சாப்பு ஊத்துன நாள்லேருந்துதான் காலித் தட்ட பாத்து சிரிச்ச."

அன்று மதியம் நானும் உப்பில்லாமல் சாப்பிட உட்கார்ந்தேன். ஒரு வாய் இறங்கவில்லை. அவர் ஒரு பருக்கை விடாமல் தின்று முடித்தார். அழுகையை அடக்கிக்கொண்டு சிரித்தேன்.

சுதந்திரத்தன்று சப்பாத்து நுழைந்தது. நாடாவை நான்தான் கட்டிவிட்டேன். கட்டுமுன் ஒரு தடவை அழுத்திப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.