கட்சிக் கட்டத்தை வெறுமையாக விட்டேன்

மியூனிக்கில் தமிழ்ச் சனத்துக்குப் படிவம் நிரப்பிக் கொடுப்பது என் தொழில். அதில் எனக்கு ஒரு விதி இருந்தது. எந்தப் படிவத்தில் 'கட்சி' என்று கேட்டாலும் கட்டத்தை வெறுமையாக விடு. கிழக்கு பெர்லினின் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி அகதி விசாரணைக்குப் போன காலத்துப் பழக்கம். எந்த இயக்கம், எந்தக் கட்சி? ஒன்றுமில்லை. அந்தப் பதிலால் தப்பினவர்கள் உண்டு. அதே பதிலால் ஒருத்தியின் வாக்கை நானே பறித்தேன்.

மெற்றில்டா, மன்னார்ப் பக்கத்துப் பிள்ளை. அமெரிக்கக் குடியுரிமை எடுத்த கையோடு, கணவனின் வேலைக்காக மியூனிக் வந்தவள். அவளுடைய தம்பியை அமெரிக்காவில் குடிவரவுத் தடுப்பு முகாமில் அடைத்திருந்தார்கள். தன் தொகுதியிலிருந்து காங்கிரஸுக்கு, அதாவது அமெரிக்க நாடாளுமன்றத்துக்கு, போன உறுப்பினருக்கு எத்தனையோ கடிதம் எழுதினாள். பதிலே இல்லை. அவரை எதிர்த்து, அதே கட்சியில், ஒரு பெண் வழக்கறிஞர் பிரைமரிக்கு நின்றார். பிரைமரி என்றால் கட்சிக்கு வேட்பாளர் யார் என்று வாக்காளரே தீர்மானிக்கும் முதல் தேர்தல். வென்றால் தம்பியின் கோப்பைக் கையில் எடுப்பேன் என்று அந்தப் பெண் மெற்றில்டாவிடம் சொல்லியிருந்தார்.

வெளிநாட்டு வாக்காளர் படிவத்தோடு என்னிடம் வந்தாள்.

"அண்ணை, கட்சி எண்டு கேட்டிருக்கு. என்ன எழுத?"

"ஒண்டும் எழுதாதை பிள்ளை. உன்ரை கட்சியை அவங்களுக்கு ஏன் சொல்லுவான்?"

"ஓம், தம்பியும் உள்ளுக்கை இருக்கிறான். வீண் வம்பு."

இரண்டு பேருக்கும் ஒரே பயம். கட்டம் வெறுமையாகப் போனது.

வாக்குச்சீட்டு வரவேயில்லை. என் மேசையிலிருந்தே அங்கத்தைய தேர்தல் அலுவலகத்துக்குப் போன் எடுத்தோம். பெயர் பதிவாகியிருக்கிறது, கட்சி இல்லை, அவளுடைய மாநிலத்தில் கட்சி பதிந்தவருக்கு மட்டும்தான் பிரைமரிச் சீட்டு, இனித் திருத்த ஏலாது, தவணை முடிந்தது என்றார்கள்.

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. இங்கே ஜேர்மனியில் ஒருவன் கட்சியில் சேர்ந்தால் சந்தா கட்டுவான், கூட்டத்துக்குப் போவான். வேட்பாளரைத் தெரிவுசெய்வது அவர்கள் வீட்டு வேலை. அங்கே சந்தாவும் இல்லை, கூட்டமும் இல்லை. ஒரு கட்டத்தில் கீறினால் நீ கட்சிக்காரன். அரசாங்கமே சீட்டு அடித்து, வாக்கை எண்ணி, கீறாதவளை வாசலில் நிறுத்துகிறது. இது என்ன கூத்து?

"நவம்பரிலை பொதுத்தேர்தல் வருமே, அதிலை போடலாம்தானே?" என்றேன், வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க ஏலாமல்.

"அங்கை எப்பவும் அந்த ஒரு கட்சிதான் அண்ணை வெல்லும். பிரைமரியிலை வெண்டவர் வெண்டவர்தான். நவம்பர் சும்மா சடங்கு."

வழக்கறிஞர் தோற்றார். ஐப்பசி பிறக்கமுன் தம்பியைக் கொழும்புக்கு ஏற்றிவிட்டார்கள்.

அதற்குப் பிறகுதான் நவம்பர்ச் சீட்டு வந்தது. மெற்றில்டா அதை என் மேசையில் விரித்தாள்.

"ஒராள் என்ரை கடிதத்துக்குப் பதில் போடாதவர். மற்றக் கட்சி ஆள் தம்பி மாதிரி ஆக்களை ஏத்தி அனுப்பச் சொல்லுறவர். ஆருக்கு அண்ணை போட?"

அவள் என்னை ஒரு சொல் ஏசவில்லை. ஏசியிருந்தால் ஆறியிருக்கும்.

இந்த வேலைக்கு வருகிற இளம் ஆட்களுக்குச் சொல்கிறேன். வெறும் கட்டமும் ஒரு பதில்தான். அதை எப்படி வாசிப்பார்கள் என்று அந்த அலுவலகத்தைக் கேட்டுவிட்டுப் பேனையைத் தொடுங்கள். நான் கேட்கவில்லை. சீட்டு வராதபோது எடுத்த அந்தப் போனை, படிவம் நிரப்பிய அன்றைக்கே எடுத்திருக்கலாம்.