டிரங்குப் பெட்டிக்குள் வைஃபை

கச்சிராயபாளையத்தில் பழனியண்ணன் பூட்டாத பொருள் கிடையாது. கரும்பு வெட்டும் கூலிக்காரர், ஆனால் அரைஞாணில் நான்கு சாவி தொங்கும். மலையிலிருந்து இறங்கிய குரங்கு ஒருநாள் ரேஷன் சர்க்கரையைத் தூக்கிப்போனதிலிருந்து உப்பு டப்பாவுக்கும் பூட்டுதான். ஊரே கேலி செய்யும். நானும் செய்வேன்.

நான் சுபாஷ், இந்தப் பக்கம் இன்டர்நெட் லைன் போடுகிறவன். போன புதன்கிழமை காலை பத்து மணிக்கு அவர் பதறிப்போய் போன் செய்தார்.

"தம்பி, பதினோரு மணிக்கு எழில்மதிக்கு வேலைக்கு இன்டர்வியூ. வீடியோவுல கேப்பாங்களாம். சிக்னல் கம்மியா கீது. வந்து பவர ஏத்தி வுடு."

போனேன். அவர் மகள் எழில்மதி பின்னறையில் புதுச் சுடிதாரில் போனும் கையுமாக உட்கார்ந்திருந்தாள். போன மாதம் நடந்த இன்டர்வியூவில் பாதியிலேயே படம் நின்றுபோய், கிடைக்க வேண்டிய வேலை கைநழுவிவிட்டது. இதுவும் போனால் கரும்புக் காடுதான்.

என் போனில் ரவுட்டரின் செட்டிங்கைத் திறந்தேன். பவர் முழு அளவில்தான் இருந்தது.

"இதுக்கு மேல ஏத்தக் கூடாதுங்கண்ணா. செட்டிங்ல, ஜாஸ்தி பவருக்கு வுடற வேற நாட்டுப் பேரப் போட்டு ஏத்தறவன் கீறான், அது சட்டப்படி தப்பு. ஏத்துனாலும் ஜாஸ்தி பிரயோஜனம் இல்ல. ரவுட்டரு மைக்குல கத்தும், போனு வெறும் வாயாலதான பதில் சொல்லணும்? ஆமா, ஜன்னலாண்ட நான் மாட்டுன ரவுட்டரு எங்க?"

பரணைக் காட்டினார். ஏறிப் பார்த்தேன். ஓர் இரும்பு டிரங்குப் பெட்டி. பக்கத்தில் துளை போட்டு இரண்டு ஒயர்கள் உள்ளே போயின. மேலே பூட்டு! எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. எட்டு வருட வேலையில் இப்படி ஒரு கூத்தைப் பார்த்ததில்லை.

"அண்ணா, இரும்புக்குள்ள வெச்சா சிக்னல் எப்படி வெளிய வரும்?" என்று கத்தியேவிட்டேன்.

பூட்டைத் திறந்தார். ரவுட்டர் கை வைக்க முடியாமல் கொதித்தது. ஆறவிட்டு நடுச்சுவரில் மாட்டினேன். எழில்மதியின் போனில் எல்லாக் கோடுகளும் வந்தன. அவள் சிரிக்கவில்லை.

"பரண்மேல சும்மா கீதுன்னுதான நெனச்சேன். எப்பப்பா பெட்டியில வெச்ச?"

"போன மாசம் இன்டர்வியூக்கு மொத நாளு. கொரங்கு வந்து ஒயரப் புடுங்கிட்டா உனுக்குக் கெட்டுடுமேன்னு..."

மணி பதினொன்று. எழில்மதி கதவைச் சாத்தினாள். உள்ளே அவள் குரல் தடங்கலில்லாமல் கேட்க ஆரம்பித்தது. பழனியண்ணன் ஒரு கம்பை எடுத்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே போய் நின்றார். முக்கால் மணி நேரம் வெயிலில் அசையவில்லை. குரங்கு ஒன்றுகூட வரவில்லை.