கோடு இல்லாமல் போன வரைபடம்

எஞ்சினியரம்மாவின் பழைய கணினி இனி புதுப்பிக்க முடியாது என்று கையை விரித்தபோது, அவருடைய கணவர்தான் அதில் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தை ஏற்றிக் கொடுத்தார். கணினி குதிரையாக ஓடியது. ஆனால் அம்மாவின் பிழைப்பே, மற்றவர்கள் வரைந்த கட்டட வரைபடங்களின் பிடிஎஃப் கோப்பில் தப்புக் கண்டுபிடித்துச் சிவப்பில் கோடு போடுவது. அதற்கு லினக்ஸில் ஓடும் ஒரு மென்பொருள் வேண்டுமே!

முதலில் பார்த்தது எழுத்தின்மேல் மட்டும் மஞ்சள் பூசியது. கம்பிக்கும் தூணுக்கும் எதைப் பூசுவது? அடுத்தது, எழுதிய குறிப்பை ஒரு குட்டிச் சதுரத்துக்குள் மடித்து ஒளித்து வைத்தது.

"இதை யாருங்க திறந்து பார்ப்பாங்க? கட்டடம் விழுந்தப்புறம் பார்ப்பாங்க," என்று அதையும் தள்ளினார்.

மூன்றாவதில் பேனா இருந்தது. கையால் இழுத்த மாதிரியே கோடு விழுந்தது. அம்மாவுக்கு வாயெல்லாம் பல்.

அதில் பார்த்த முதல் வரைபடம் ஒரு மாடி வீட்டுக்கானது. சுவரை விட்டு வெளியே நீளும் பால்கனிக்கு முக்கியக் கம்பி மேல்பக்கம் வர வேண்டும். வரைந்த புண்ணியவான் கீழ்ப்பக்கம் போட்டிருந்தார். அப்படியே கட்டினால் நாலு பேர் ஏறி நின்றதும் முறிந்து விழும். அம்மா பெரிதாக ஒரு சிவப்பு வட்டம் போட்டார், சேமித்தார். அம்மா சரி சொன்னால் கான்கிரீட் கொட்டக் காத்திருந்த மேஸ்திரிக்குக் கோப்பை அனுப்பினார். பெருமைக்குக் கணவருக்கும் ஒன்று.

"ஏம்மா, இதுல ஒரு கோடும் காணோமே?" என்றார் கணவர், கைபேசியைத் தடவியபடி.

இருவரும் கணினியைக் குடைந்த பிறகுதான் விஷயம் புரிந்தது. அந்த மென்பொருள் கோடுகளைத் தனியாக வேறொரு கோப்பில் வைத்திருந்தது. 'ஏற்றுமதி' என்ற கட்டளையை அழுத்திப் புதிய பிடிஎஃப் ஆக எடுத்தால்தான் இரண்டும் ஒன்றாகும். அம்மா அனுப்பியது, தனக்கு வந்த அதே கோப்பைத்தான்.

கோடில்லாத படம் என்றால் சரி என்றுதானே மேஸ்திரி எடுத்துக்கொள்வார் என்று அம்மா உடனே அவரை அழைத்தார். மேஸ்திரியின் எண் பிஸி, பிஸி, பிஸி. கூடத்துக்கும் சமையலறைக்கும் நடையாய் நடந்தார். கடைசியில் மணி அடித்தது.

"கொட்டிட்டீங்களா?"

"எங்கம்மா கொட்டுறது? கான்கிரீட் வண்டியத் திருப்பி அனுப்பிட்டு, வண்டிக்காரங்ககிட்டதான் இவ்வளவு நேரம் திட்டு வாங்கிட்டிருந்தேன்."

"ஏன் அனுப்பினீங்க?"

"என் பொண்ணு கல்யாணப் பத்திரிகைய உங்களுக்குக் கொடுத்தப்பவே நாலு இடத்துல சிவப்பு வட்டம் போட்டுத் திருப்பிக் கொடுத்தீங்க. நீங்க பார்த்த படத்துல ஒண்ணுகூட இல்லைன்னா நான் நம்புவேனா?"

அம்மாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. சிரிக்க ஆரம்பித்தவர், கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் நிறுத்தினார். பேனா உள்ள மென்பொருளையே வைத்துக்கொண்டார். ஏற்றுமதி செய்த கோப்பை, தள்ளிவிட்ட முதல் மென்பொருளில் திறந்து வட்டம் தெரிகிறதா என்று பார்த்துவிட்டு அனுப்பினார்.

கொஞ்ச நேரத்தில் மேஸ்திரியிடமிருந்து பதில் வந்தது: "கம்பிய மேல தூக்கிக் கட்டுறோம். இப்பதான் நீங்க பார்த்த மாதிரி இருக்கும்மா."