குறுக்கே பந்து போடாத லெஃப்ட் அவுட்

விளக்கெண்ணெய் ஊறிய தோலின் வாசனை. எங்கள் கல்லூரி ஸ்டோர் ரூம் கதவைத் திறந்தால் முதலில் அதுதான் வந்து முகத்தில் நிற்கும். வெளிச்சம் அதற்குப் பிறகுதான் உள்ளே போகும். தோல் வெடிக்காமலிருக்க மழைக்கு முன்னால் ஒரு கை எண்ணெய், மழை விட்டதும் ஒரு கை எண்ணெய் என்று பந்துகளைத் தேய்த்து அடுக்கியிருப்போம். போன வாரம் அலமாரியை ஒழிக்கும்போது ஒரு பழைய கால்பந்து கையில் வந்தது. நாடாவை அவிழ்த்து, உள்ளே செத்துப்போயிருந்த ரப்பர் பிளாடரை வெளியே இழுத்தேன். வாசனை மட்டும் சாகவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். கண் முன்னால் ஐந்து பையன்கள் ஓடினார்கள், ஒரே வரிசையில், வெறுங்காலோடு, காஞ்சிபுரத்து வெயிலில்.

உடற்கல்வி வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஓட்டத்தை அளக்க கடிகாரம் இருக்கிறது, தாண்டுவதை அளக்க டேப் இருக்கிறது. ஒரு பார்வர்ட் லைனை எதைக் கொண்டு அளப்பது என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

1. ஐந்து பேர் ஓடுகிறார்கள், கோல் இல்லை

அறுபதுகளின் நடுவில் நான் அந்தக் கல்லூரியில் பிசிகல் டைரக்டராகச் சேர்ந்தேன். அப்போதெல்லாம் முன்வரிசையில் ஐந்து பேர் ஆடுவார்கள். இரண்டு ஓரங்களிலும் லெஃப்ட் அவுட், ரைட் அவுட். அவர்களுக்கு உள்ளே லெஃப்ட் இன், ரைட் இன். நடுவில் சென்டர் பார்வர்ட். என் டீமில் இந்த ஐந்து பேரும் நன்றாக ஓடினார்கள். பந்தை நன்றாக வாங்கினார்கள். கோல் மட்டும் வரவில்லை.

பிரின்சிபால் கணக்குப் பேராசிரியர். மைதானத்தையும் ஒரு கணக்காகத்தான் பார்ப்பார். என்னை அறைக்குக் கூப்பிட்டார்.

“பி.டி., முன்னாடி அஞ்சு பேர் நிக்கறா. அஞ்சு பேரும் ஓடறா. கோல் வரமாட்டேங்கறது. ஏன்?”

“லைன் இன்னும் செட்டாகலை சார்.”

“செட்டாகலைன்னா யாரோ ஒருத்தன் சரியில்லைன்னு அர்த்தம். யாருன்னு சொல்லுங்கோ, மேட்ச்சுக்கு முன்னாடி எடுத்துடலாம். ஃபீஸ் கன்செஷன் டீம்ல இருக்கறவனுக்குத்தான். அதையும் ஞாபகத்துல வெச்சுண்டு சொல்லுங்கோ.”

அன்று முதல் நான் டச் லைனில் நிற்பதை விட்டு, கோல் போஸ்டுக்குப் பின்னால் போய் நின்றேன். ஓரத்தில் நின்று பார்த்தால் வேகம் தெரியும். எதிரே நின்று பார்த்தால்தான் கால் என்ன நினைக்கிறது என்று தெரியும்.

லெஃப்ட் அவுட் ஏழுமலை, பிள்ளையார்பாளையத்து நெசவுக்கார வீட்டுப் பையன். பி.எஸ்ஸி. படித்துக்கொண்டிருந்தான். முன்வரிசையில் கன்செஷன் அவன் ஒருவனுக்குத்தான். அவனைப் போல ஓடுகிறவனை நான் அதுவரை பயிற்றுவித்ததில்லை. கோட்டை ஒட்டியே பந்தைத் தள்ளிக்கொண்டு போவான், பந்தும் காலும் ஒன்றையொன்று விடாது. கார்னர் கொடி வரைக்கும் போய்விடுவான். அங்கிருந்து தரையோடு குறுக்கே ஒரு பாஸ் கொடுத்தால் போதும், கோல் வாயில் நிற்கிற சென்டர் பார்வர்ட் தட்டிவிடுவான். கொடுக்க மாட்டான். நிற்பான், திரும்புவான், பின்னால் வருகிற ஹாஃப் பேக்கிடம் பந்தைத் தந்துவிடுவான்.

நடுவில் காத்திருக்கிறவன் தரணேந்திரன். தென்னேரி ஏரிக்குப் பக்கத்தில் நெல் பயிரிடும் ஜைனக் குடும்பம். நெட்டையன். பொழுது சாய்வதற்குள் அவன் சாப்பிட்டாக வேண்டும் என்பதால் மற்றவர்கள் கடைசி ரவுண்டு ஓடும்போது இவன் கோல் போஸ்டில் சாய்ந்து தூக்கைத் திறப்பான். “தரணி, சூரியன் எறங்கிக்கினு இருக்குது, சீக்கிரம் முழுங்குபா” என்று ஓடிக்கொண்டே கேலி செய்வார்கள். வாயில் சோற்றோடு அவனும் சிரிப்பான். ஏழுமலையிடம் பேசும்போது மட்டும் அவனுக்குச் சிரிப்பு வராது.

“ஏண்டா, நான் என்ன உன் பங்காளியா? பாகம் கேட்டுடுவேன்னு பயந்துக்கினு பந்து தர மாட்டேன்றே?”

“வழி இல்ல, போடலை.”

“வழி இல்லியா? மாட்டு வண்டியே போவும்டா அந்த வழியில.”

தரணி சொன்னது உண்மை. வழி இருந்தது. நான் பின்னாலிருந்து பார்த்தேன், திறந்த வாசல் மாதிரி இருந்தது. டீமிலிருந்து எடுக்க வேண்டியவன் ஏழுமலை என்று முடிவு செய்தேன். நோட்டீஸ் போர்டில் பார்த்து அவன் தெரிந்துகொள்ளக் கூடாது, நேரில் போய்ச் சொல்லிவிடலாம் என்று மறுநாள் காலை சைக்கிளை எடுத்தேன்.

2. ஈரப் பாவு

நான் அரக்கோணத்துக்காரன். பட்டு உடுத்துகிற கல்யாணங்களுக்குப் போயிருக்கிறேனே தவிர, பட்டு தெருவில் கிடப்பதைப் பார்த்தவனில்லை. அன்று ஏழுமலையின் தெரு முழுக்க பாவு விரித்திருந்தார்கள். தறியில் ஏற்றுவதற்கு முன், புடவையின் நீள இழைகள் அத்தனையையும் ஒன்றாக நீட்டி, கவைக் கொம்புகளின் மேல் இடுப்புயரத்துக்கு நிறுத்தி, கஞ்சி தெளித்து, இழை பிரித்து, வெயிலில் உலர விடுவார்கள். இந்த முனையிலிருந்து அந்த முனை வரை ஈரமாக, அரக்குச் சிவப்பில், ஒரு ஆறு தரையைத் தொடாமல் நின்றது. இரண்டு பக்கமும் ஆட்கள். நான் சைக்கிள் மணியை அடித்துக்கொண்டே நுழைந்தேன்.

“யாரு, காலேஜ் சாரா? எறங்கி ஓரமா தள்ளிக்கினு வாங்க சார். பாவு மேல இடிச்சுடப் போறீங்க.” ஏழுமலையின் அம்மா. டெர்ம் தொடக்கத்தில் கன்செஷனுக்காகக் கல்லூரிக்கு வந்து என்னைப் பார்த்தவர்.

“ஏழுமலை இருக்கானாம்மா?”

“அதோ ஆடிக்கினு இருக்குது பாருங்க. கஞ்சி காயணும் இல்ல, அதுவரைக்கும் கை சும்மா இருக்குது. கால் சும்மா இருக்குதா?”

பாவின் இந்தப் பக்கம் ஒரு கூட்டம், அந்தப் பக்கம் ஒரு கூட்டம். நடுவே கழிவு நூல் சுற்றிய ஒரு துணிப்பந்து. பந்து பாவை ஒட்டியே நேராக ஓடியது, ஒரு முழம் கூட உள்ளே சாயாமல். எதிர்ப்பக்கத்து ஆளுக்குக் கொடுக்க வேண்டுமென்றால் கால் கட்டை விரலை அடியில் கொடுத்து ஒரு தூக்கு. பந்து எழுந்து, குனிந்து வேலை செய்கிறவர்களின் தலைக்கு மேலே போய், அந்தப் பக்கம் இறங்கியது. அடியிலே உருட்டிவிட்டால் சுலபமாகப் போகும், பாவு இடுப்புயரத்தில்தானே இருக்கிறது. ஒருவனும் உருட்டவில்லை.

“கீழ வுட்டா என்னம்மா?” என்றேன்.

அந்த அம்மாள் என்னைப் பார்த்த பார்வையில், நான் கோயிலுக்குள் செருப்போடு நுழைந்துவிட்டேனோ என்று தோன்றியது.

“கல்லுல பட்டு எகிறுச்சுன்னா? ஈரப் பாவுல மண்ணு ஏறினா எங்க சார் கழுவறது? குறுக்க கோழி கூட போவக் கூடாது சார் இங்க.”

கொடிக்குப் பக்கத்தில் போய் நின்றுவிடுகிற அந்தக் கால் எனக்கு நினைவு வந்தது.

ஏழுமலை பார்த்துவிட்டு ஓடி வந்தான். முகம் சுண்டியிருந்தது.

“என்னை எடுத்துட்டீங்களா சார்?”

“யாரு சொன்னது?”

“நீங்க கோல் போஸ்டுக்குப் பின்னாடி நின்னுக்கினு என் காலையே பாக்கறீங்க. எனக்குத் தெரியாதா?”

“எடுத்தா என்ன பண்ணுவே?”

“நான் என்ன பண்றது? அப்பா ஏற்கெனவே தறி ஒண்ணு காலியா வெச்சிருக்காரு. தறிக் குழிக்குள்ள கால வுட்டா அப்புறம் எழுந்திருக்கறது ஏது? பி.எஸ்ஸி. அதோட சரி.”

அழுகை இல்லை, கெஞ்சல் இல்லை. பஸ் நேரம் சொல்வது போலச் சொன்னான்.

“சாயந்திரம் சீக்கிரம் வா” என்றேன். வந்த காரியத்தைச் சொல்லாமலே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஓரமாகத் திரும்பினேன்.

3. யாரை நகர்த்துவது

சாயங்காலம் முதலில் அவனுடைய காலைத்தான் திருத்தப் பார்த்தேன். “இங்க பாவு இல்ல, புல்லுதான் இருக்குது. தரையோட குறுக்கே அடி” என்றேன். ஓடினான், கொடி வரைக்கும் போனான், காலை வீசினான். பந்துக்கு மேலே வந்ததும் கால் நின்றுவிட்டது, யாரோ பிடித்து இழுத்தது போல. திரும்பத் திரும்ப அதே கதைதான்.

“வர மாட்டேங்குது சார்” என்று தலையைச் சொறிந்தான்.

“சரி, உங்க தெருவுல எப்படிப் போடுவே? அப்படிப் போடு.”

போட்டான். தோல்பந்து, கனமான பந்து, அவன் விரலில் ஏறி எழுந்தது. அவசரமில்லாமல் மிதந்து போயிற்று. கோலுக்கு முன்னால் காவல் நின்ற ஃபுல் பேக்கின் தலையைத் தாண்டி, கோல் கீப்பரின் கையைத் தாண்டி, தரணியையும் தாண்டி, தூரத்துப் போஸ்டுக்கு அந்தாண்டை ஒரு இடத்தில் இறங்கியது. அங்கே யாரும் இல்லை.

“காக்காவுக்குப் போட்டிருக்கான் சார்” என்றான் தரணி, இடுப்பில் கை வைத்துக்கொண்டு.

மறுபடி போடச் சொன்னேன். அதே இடம். இன்னொரு தடவை. அதே இடம். புல்லில் அந்த இடம் மட்டும் பள்ளமாகிவிடும் போலிருந்தது. அப்போதுதான் எனக்குள் ஏதோ சொடுக்கியது. இத்தனை நாள் பந்தை ஆளிடம் கொண்டுவரப் பார்த்தேனே, ஆளைப் பந்திடம் கொண்டுபோனால்?

“தரணி, நீ கோல் வாயில நிக்காதே. பெனால்டி பாக்ஸுக்கு வெளிய நில்லு. அவன் கால் பந்துக்கு அடியில போனதும் கிளம்பு. அந்த எடத்துக்குப் போய் எகிறு.”

“நான் சென்டர் பார்வர்ட் சார். பின்னாடி நிக்கறதுக்கு ஹாஃப் பேக் இருக்கான்.”

“ஹாஃப் பேக்குக்கு உன் ஒசரம் இல்லையே.”

அந்தப் பதில் அவனுக்குப் பிடித்திருந்தது.

சீக்கிரம் கிளம்பினால் பந்து தலைக்குப் பின்னால் போயிற்று. தாமதமானால் மூக்கில் விழுந்தது. பந்தின் நாடா பட்டுப் பட்டு அவன் நெற்றியில் வரி வரியாகத் தடம். “என்னா தரணி, நாமம் சாத்திக்கினு வந்துட்டே? பெருமாள் கோயிலுக்கு மாறிட்டியா?” என்று ரைட் அவுட் கேட்டான். திட்டிக்கொண்டே இருவரும் பேசத் தொடங்கியிருந்தார்கள். “இன்னும் ஒரு மூச்சு நின்னு வா” என்பான் ஏழுமலை. “நீ கொஞ்சம் கம்மியா தூக்கு” என்பான் தரணி. ஒரு நாள் பொழுது சாய்வதற்கு முன் தூக்கைத் திறந்த தரணி, மூடியில் ஒரு பங்கு சோறு எடுத்து ஏழுமலை பக்கம் நகர்த்தினான். அன்றைக்கு நான் விசிலை ஊதாமல் கொஞ்ச நேரம் பையில் வைத்திருந்தேன்.

வராந்தாவில் பிரின்சிபால் மடக்கினார். “யாருன்னு முடிவு பண்ணேளா?”

“மேட்ச் முடிஞ்சதும் சொல்றேன் சார். அஞ்சு பேரும் ஆடட்டும்.”

“தோத்தா?”

“என் பொறுப்பு சார்.”

“உங்க பொறுப்புதான். ஆனா அந்த லெஃப்ட் அவுட்டுக்கு கன்செஷனை நான் நிறுத்த வேண்டிவரும். கமிட்டியிலே கேக்கறா.”

4. அந்த மேட்ச்

கல்லூரிகளுக்கு இடையேயான போட்டியில் ஒரு ரவுண்டு. எதிரே வேலூர்ப் பக்கத்திலிருந்து வந்த டீம். அவர்களுடைய ஃபுல் பேக்குகள் இருவரும் பூட்ஸ் போட்டிருந்தார்கள். எங்கள் பையன்களுக்குக் கணுக்காலில் துணிப்பட்டை, அவ்வளவுதான். முதல் பாதியில் தரையோடு போன பந்தையெல்லாம் அவர்கள் பிடுங்கி எறிந்தார்கள். ஏழுமலை தூக்கினான். தரணி பதற்றத்தில் முன்னாலேயே பாய்ந்தான். பந்து வீணாக வெளியே போனது. மறுபடியும் அப்படியே. குடைக்குக் கீழே நாற்காலியில் பிரின்சிபால் கடிகாரத்தைப் பார்த்தார். நான் அவர் பக்கம் திரும்பவில்லை.

இடைவேளையில் புதிதாக எதுவும் சொல்லவில்லை. எலுமிச்சம்பழத் துண்டை நீட்டிக்கொண்டே தரணியிடம், “அவன் மூஞ்சியப் பாக்காதே, கால பாரு” என்றேன்.

இரண்டாவது பாதி. ஏழுமலைக்கு ஓரத்தில் பந்து கிடைத்தது. கோட்டை ஒட்டி ஓடினான். கொடிக்குப் பக்கத்தில் நிமிர்ந்தான். ஃபுல் பேக்குகள் தரை வழியை அடைத்தார்கள். தரணி பாக்ஸுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தான். “ஓடுடா நெட்டை” என்று கூட்டம் கத்தியது. அவன் ஓடவில்லை. ஏழுமலையின் கட்டை விரல் பந்துக்கு அடியில் போனது. பந்து எழுந்தது. தரணி கிளம்பினான்.

எத்தனையோ மேட்ச் பார்த்திருக்கிறேன். ஒரு பந்தும் ஒரு தலையும் ஆகாயத்தில் பேசி வைத்துக்கொண்டு சந்தித்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். கீப்பர் திரும்பியபோது பந்து வலையில் சுற்றிக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகு அந்த ஃபுல் பேக்குகள் ஆகாயத்தையே பார்க்க ஆரம்பித்தார்கள். தரை திறந்துகொண்டது. ரைட் இன் அந்த வழியாகப் புகுந்து இன்னொன்று போட்டான். ஜெயித்தோம்.

பிரின்சிபால் நாற்காலியை விட்டு எழுந்து வந்தார்.

“இப்போ சொல்லுங்கோ. எவன் சரியில்லே?”

“எவனும் இல்லை சார். ஆளுங்க சரியாத்தான் இருந்தாங்க. ரெண்டு பேருக்கு நடுவுல இருந்த எடம்தான் சரியில்லை. அதை மாத்திட்டேன்.”

அவர் மைதானத்தின் பக்கம் திரும்பினார். “அந்த லெஃப்ட் அவுட் அடுத்த வருஷமும் இருப்பானோ?”

“கன்செஷன் இருந்தா இருப்பான் சார்.”

“இருக்கும்” என்று சொல்லிவிட்டுக் குடையை மடக்கினார்.

அடுத்த ரவுண்டில் தோற்றோம். அதனால் என்ன. அந்த ஐந்து பேர் வரிசை என்னுடையது, அதைப் போல இன்னொன்றை நான் கட்டவில்லை என்று இன்றைக்கும் தலை நிமிர்ந்து சொல்வேன். புதிதாக வருகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். ஐந்து பேருக்குத் தனித்தனியாக மார்க் போட்டுக் கூட்டினால் வரிசையின் மார்க் வராது. ஒருவன் காலில் குறை தெரிந்தால் அந்தக் கால் எந்தத் தெருவில் வளர்ந்தது என்று போய்ப் பாருங்கள். குறையைப் பிடுங்குவதற்கு முன், அது போய் விழுகிற இடத்தில் ஒருவனை நிறுத்த முடியுமா என்று யோசியுங்கள்.

ஏழுமலை பி.எஸ்ஸி. முடித்தான். மெட்ராஸில் ஒரு மில், தன் டீமில் ஆடுவதற்காக அவனை வேலைக்கு எடுத்துக்கொண்டது. வழியனுப்ப பஸ் ஸ்டாண்டுக்குப் போயிருந்தேன். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தான். டிரைவர் ஏறிவிட்டார்.

“அங்க தரணி இருக்க மாட்டானேடா, யாருக்குப் போடுவே?” என்றேன்.

“எங்க வந்து விழுதுன்னு நாலு தரம் காட்டுறேன் சார். அஞ்சாவது தரம் எவனாவது வந்து நிப்பான்.”